முப்பத்தொன்றாம் அறையின் பச்சை அட்டை

விடுதியில் ஒரு அறை கூடினால், பின்தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு அறை குறையும். முதலில் போனது தையல்காரர் வீட்டு மாடியறை. காலையில் படியேறியவர் நேராக வானத்தைப் பார்த்தார். அப்புறம் ஓட்டுநர் வீட்டு முன்னறை, பால்காரி வீட்டில் இரண்டு. புகார் எழுதிப் போட்டவர்களுக்கு, கட்டடம் விதிப்படிதான் இருக்கிறது என்று பதில் வந்தது. புது அறையின் கதவில் எண் பலகையை ஆணி அடிக்கும் நேரத்தில்தான் இது நடக்கும் என்பதைப் பத்து வருஷத்தில் தெரு கண்டுபிடித்துவிட்டது. சுத்தியல் சத்தத்துக்கு முன்னால் சாமான்களை வெளியே இழுத்துப் போடப் பழகிக்கொண்டார்கள்.

அப்படியும் சாவிக்காரி ஏமாந்தாள். விடுதி அறைகளைச் சுத்தம் செய்பவள் அவள்; பொதுச்சாவி எந்நேரமும் இடுப்பில் தொங்கியதால் அந்தப் பெயர். அவள் கணவர் கொத்தனார். அதே விடுதியின் மூன்றாம் மாடிக்குப் பூசும்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையோடு கிடந்தார். வெள்ளிக்கிழமைதான் பலகை என்று நம்பி, புதன்கிழமை அவரை உள்ளேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மேலாளருக்கு என்ன அவசரமோ, அன்றைக்கே அடித்துவிட்டார். வீடு திரும்பினால் சமையலறை மட்டும் நிற்கிறது. வயிற்றில் அடித்துக்கொண்டு விடுதிக்கு ஓடினாள். முப்பத்தொன்றாம் அறையில், ஜன்னலோரம், தன் சொந்தக் கட்டிலில் கொத்தனார் படுத்திருந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். கதவு நிலையைத் தாண்டியதும் கை லேசாகிவிடும். திரும்பிப் பார்த்தால் மனுஷன் கட்டிலில். அறையோடு போனது அறையை விட்டு வராது. பால்காரியின் பூனையும் அப்படித்தான் இருபதாம் அறையில் தங்கிப்போனது.

மேலாளர் நல்ல மனுஷர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். "இருந்துட்டுப் போகட்டும்மா, உள்ளூர் ஆளுக்கு இடம் கொடுத்த மாதிரியும் ஆச்சு" என்றார். ஒரு அறைக்கு இருபது நிமிஷம். எட்டு நிமிஷத்தில் அறையை முடித்துவிட்டு, பாக்கிப் பன்னிரண்டில் அவரைத் துடைத்து, புரட்டிப் போட்டு, சோறு ஊட்டுவாள். வேறு யார் கையாலும் அவர் சாப்பிட மாட்டார். கிடையில் விழுந்தாலும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு விடுதி பசுமைச் சான்றிதழுக்கு மனுப் போட்டது. கூரையில் சூரியத் தகடு வந்தது, பிளாஸ்டிக் பாட்டில் போனது, குளித்த தண்ணீர் தோட்டத்துக்குப் பாய்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வற்றிக் கிடந்த தெருக் கிணற்றில்கூட ஒரு முழம் ஏறியது. அதோடு கதவுக்கு ஒரு பச்சை அட்டையும் வந்தது. விருந்தினர் அதை வெளியே மாட்டினால் அன்று சுத்தம் கிடையாது, யாரும் உள்ளே போகக் கூடாது, தண்ணீரும் சோப்பும் மிச்சம். மீறினால் வேலை போகும்; வேலை போனால் அந்த மாடிக்கே ஏற முடியாது. தரையெல்லாம் தண்ணீர் இறைத்து, ஐந்து துண்டை நனைத்துப் போடும் ஊதாரிகளாக வரவேண்டும் என்று சாவிக்காரி தினமும் வேண்டினாள். வந்தவர்களெல்லாம் நல்லவர்களாகவே வந்து தொலைந்தார்கள்.

முப்பத்தொன்றில் ஒன்பது நாள் தங்க வந்த தம்பதி, முதல் நாளே அட்டையை மாட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினாள்.

"அம்மா, அஞ்சே நிமிஷம். உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர். சாப்பிட்டு மூணு நாளாச்சு."

"அவரா? பிஸ்கட் நீட்டிப் பார்த்தோம், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. தூங்கட்டும்னு நாங்க சத்தமே போடறதில்லை" என்றாள் வந்தவள். "சுத்தமெல்லாம் வேண்டாம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி மிச்சமாகுது தெரியுமா?"

சிரித்தபடி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

சாவிக்காரி நேராக மேலாளரிடம் போனாள். "எனக்குன்னு ஒரு சமையலறை மிச்சமிருக்கு. அதையும் எடுத்துக்கங்க. முப்பத்தொண்ணை ஒட்டித் துணி அடுக்கற இடம் சும்மாதானே கிடக்கு, அங்க பலகை அடிங்க. நடுவுல கதவு இருக்கு."

"நீ எங்கம்மா படுப்ப?"

"அதை நான் பாத்துக்கறேன். இன்னிக்கே அடிங்க."

வீட்டுக்கு வந்து, இருக்கிற குடமெல்லாம் தண்ணீர் நிரப்பி, அடுப்பைப் பற்றவைத்து உலையேற்றினாள். பொதுச்சாவியைக் கழற்றிப் பால்காரியிடம் கொடுத்தாள்.

"போனா வரவே முடியாதுடி" என்று பால்காரி அழுதாள்.

"தெரியும்க்கா. அவருக்குப் பசிக்குது" என்று சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். சோறு வெந்து முடிவதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது.

நடுக்கதவைத் திறந்தபோது கொத்தனார் கண்ணை விழித்து, "ஏண்டி இவ்வளவு நேரம்?" என்றார். அவள் சோற்றை ஊதி ஊதி ஊட்டினாள். அந்த மாதமே சான்றிதழ் கிடைத்தது. சோதிக்க வந்த அதிகாரி, உள்ளூர்க் குடும்பம் ஒன்று விடுதிக்குள்ளேயே வாழ்கிறது என்று பாராட்டி எழுதினார். முப்பத்தொன்றுக்கு வருகிறவர்கள் அரிசியும் காய்கறியும் வாங்கி வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. யாரும் முகம் சுளிப்பதில்லை. பின்தெருவில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் விடுதி ஒரு மரக்கன்று நட்டது. அது நன்றாக வளர்கிறது.