லோடர் இடிக்கும் கைப்பிடி

ஐந்து வாரமாக ஒரு நல்ல பெண்ணை ஏமாற்றினேன். காரணம் கேட்டால் காறித் துப்புவீர்கள். அவள் சனிக்கிழமைதோறும் என் துப்பாக்கிக் கடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

வெர்னா எங்கள் மிசௌரிப் பக்கத்தில் வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஆளரவமில்லாத மண் சாலைகள். கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள, ஐந்து தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வர் ஒன்றை என்னிடம் வாங்கினாள். அதோடு வந்த கைப்பிடியில் அவள் சுண்டுவிரலுக்கு இடமில்லை. நீளமான வால்நட் மரக் கைப்பிடியைப் பூட்டினேன். ஐந்தையும் ஒரே திருகில் இறக்கும் வட்டமான லோடரும் கொடுத்தேன். மரத்தின் இடது பக்க மேடு லோடரை இடிக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் அரம் போட்டால் சரியாகிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே வந்தாள். "டுவைட், இது உள்ள போகவே மாட்டேங்குது."

ரப்பர் கைப்பிடி மாட்டினேன். அது கோட்டுத் துணியில் ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் வேறொரு மரம், பிறகு வேறொரு ரப்பர். கவுண்டரில் போலித் தோட்டாக்களைப் போட்டு அவள் பழகுவாள். நான் எதிரே நின்று அவள் கைகளையே பார்ப்பேன். அறுபது வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது வெட்கக்கேடு.

"தேங்கின சரக்கையெல்லாம் என் தலையில கட்டிரலாம்னு பாக்கறீங்களா?" என்று சிரிப்பாள்.

ஐந்தாவது வாரம் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை ஒரு நோயாளியோட மருமகன், குடிச்சிட்டு கார் வரைக்கும் பின்னாலயே வந்தான். பைக்குள்ள கைய விட்டேன். துப்பாக்கி மாட்டிக்கிச்சு. நல்லவேளை, அவனே தடுக்கி விழுந்துட்டான்."

அந்த வால்நட்டை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அரம் போட்டுப் பூட்டினேன். லோடர் இடிக்காமல் உட்கார்ந்தது, ஒரே திருகில் ஐந்தும் விழுந்தன. பையிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இத மொத வாரமே பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாம். அப்புறம் நீங்க வர மாட்டீங்களேன்னுதான்..."

"தெரியும். அரம் போட்டா சரியாயிடும்னு எங்கண்ணன் அன்னைக்கே சொல்லிட்டான். எங்க வீட்டுலயும் அரம் இருக்கு, டுவைட்."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"ஒரு காபிக்காவது கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். அஞ்சு வாரம் பாத்தேன்."

"இப்பக் கூப்பிடறேனே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை ரொம்பப் பயந்துட்டேன். போதும்டா சாமின்னு பக்கத்து மாநிலத்துல டல்சா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன். திங்கக்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. சாமானெல்லாம் கார்ல ஏத்தியாச்சு."

போய்விட்டாள். காபிக் கடை எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. என் கவுண்டரிலிருந்து நாற்பது அடி.