போறேன்னு சொல்லுங்க, வக்கீலய்யா

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தைலம்மாளின் டீக்கடை வாசலில் மோட்டார் வந்து நின்றது. வடிகட்டியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள் தைலம்மாள். வந்துவிட்டான்! இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

'சுபேதார் வக்கீல்' குழந்தைவேலு. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு மூட்டை சுமந்த கூலிப்படைக்குச் சுபேதாராகப் பாஸ்ராவுக்குப் போய் மெடலோடு திரும்பியவன். அதே படையில் போன அவள் புருஷன் நல்லையா திரும்பவில்லை. ஓடிப்போகப் பார்த்தான் என்று சுட்டுவிட்டார்கள்.

இப்போது குழந்தைவேலு சட்டசபைக்கு நிற்கிறான். பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. தைலம்மாள் சொல்லுகிற ஆளுக்குத்தான் அந்தத் தெருக் கடைக்காரிகள் ஓட்டுப் போடுவார்கள்.

அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. டீ குடித்தான், கூடி நின்ற கடைக்காரிகளிடம் பிரசங்கம் செய்தான், கும்பிட்டான்.

"அப்ப நான் வர்றேன் தாயி!"

"வர்றீங்களா? போறீங்கள்ல?"

"பர்மாவுக்கு வந்து தமிழே மறந்துபோச்சா?" வக்கீல் கடகடவென்று சிரித்தான். "போறேன்னு எவனாவது சொல்லுவானா? வர்றேன்னா திரும்பி வருவேன்னு அர்த்தம்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களாடி?" என்றாள் தைலம்மாள். "இராமையாண்ணே, வெளியே வாங்க."

நல்லையாவோடு அதே படையில் இருந்து, இப்போது கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தவரைக் கண்டதும் வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இவருக்குப் பிராந்தி வாங்கத்தான் நல்லையா முகாமை விட்டுப் போனான்," என்றார் இராமையா. "'வர்றேன் சாமி'ன்னு இவருகிட்டயே சொல்லிட்டுப் போனான். பிடிபட்டதும் பட்டாளக் கோர்ட்டுல இவரு, 'போறேன்னு சொன்னான், ஓடப் பார்த்தான்'னுட்டாரு. 'வர்றேன்'னுதான் சொன்னான்னு நான் கத்தினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் சாட்சியையும் துரைக்கு இங்கிலீஷ்ல பொய்யா மாத்திச் சொன்னது இவருதான்!"

"பொய்! கட்டுக்கதை!"

"அர்த்தம் சொன்னது நீங்கதானேய்யா, இப்பத்தான்?" தைலம்மாள் படியிறங்கி மோட்டார் கதவை மறித்து நின்றாள். "அந்த வார்த்தையை என் புருஷன் வாயிலேருந்து பிடுங்கினீங்க. இனி உங்க வாயிலயும் அது வரக் கூடாது. போறேன்னு சொல்லுங்க."

வக்கீல் சுற்றிப் பார்த்தான். கடைக்காரிகள் தெருவை அடைத்து நின்றார்கள். ஒரு முகம்கூட இளகவில்லை.

"ம், சொல்லுங்க!"

"போறேன்." காற்றுதான் வந்தது.

"கேக்கலையே!" என்றாள் பின்னாலிருந்து மீன்கார அம்சவேணி.

"போறேன்!"

தைலம்மாள் விலகி வழிவிட்டாள். போயிட்டு வாங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை.