ஏழு இழுப்பு

சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டை மாற்றும் கேங்கில் நாங்கள் ஆறு பேர். வேணு குரல் கொடுப்பான். நாங்கள் "ஹா" என்று இழுப்போம். குரல் இல்லாமல் அந்தப் பெல்ட் ஒரு அடி நகராது.

அந்த வருடம் கான்ட்ராக்டர் வந்து சொன்னார்: எச்சரிக்கைப் பலகை வாசிக்கத் தெரியாதவனுக்கு இனி கேட் பாஸ் கிடையாது. எங்களில் கலியனுக்கு முகம் செத்துப்போனது. வேலை பெர்மனென்ட் ஆகும் என்று பதினோரு வருடமாகக் காத்திருக்கிறவன். படித்தது மூன்றாம் வகுப்பு. சின்னச் சொல் வரும். ‘உயர்மின்னழுத்தமுள்ள பகுதி’ என்றால் நாக்கு நின்றுவிடும்.

டீ நேரத்தில் வேணு பிடித்துக்கொண்டான்.

"ஒரே முட்டா முழுங்காதடா. நாலு துண்டு. உயர், மின், அழுத்தம், உள்ள. நம்ம பெல்ட் ஜாயிண்ட் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி ஒட்டிக்கினு கீது."

"துண்டு வருது. ஒட்டு எடத்துலதான் மாட்டிக்குது."

"அப்ப இழு. உயர்!"

"ஹா!" என்றோம்.

"மின்! னழுத்! தமுள்! ள!"

ஐந்து இழுப்பில் சொல் வந்து சேர்ந்தது. கலியன் காதிடுக்கில் இருந்த பீடியைக்கூட மறந்து சிரித்தான்.

"இதுக்கு பெல்ட்டே தேவலாம்டா" என்றான் கொளஞ்சியப்பன்.

வாசிக்க வைத்துச் சோதிக்க வந்த அதிகாரி சண்முகப்ரியா மேடம், திருநெல்வேலிப் பக்கம். அவர் நீட்டியது வேறு பலகை: ‘எளிதில்தீப்பற்றக்கூடிய பொருள்’.

கலியன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். கயிறு பிடிக்கிறவன் மாதிரி காலை அகட்டி நின்றான்.

"எளி!"

"ஹா!" என்றோம், வாசலில் நின்ற ஐந்து பேரும்.

மேடத்தின் கையிலிருந்து பேனா விழுந்தது.

"பழக்கம்ங்க மேடம்" என்றான் வேணு.

"எல்லாரும் வெளிய போங்க. அண்ணே, நீங்க படிங்க."

ஜன்னலோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். எளி. தில். தீப். பற். றக். கூ. டிய. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எங்கள் ‘ஹா’வுக்கு இடம் விட்டுவிட்டுப் படித்தான். எங்கள் தோள்கள் தாமாக அசைந்தன. ஏழு இழுப்பு.

"இவ்ளோ நிறுத்தி நிறுத்தியா படிப்பீங்க?"

கலியன் தலையைக் குனிந்தான். முடிந்தது என்று நினைத்தோம்.

"சரி, என்ன சொல்லியிருக்கு?"

"கிட்ட பீடி பத்த வெச்சா, பொணம்கூட முழுசாக் கெடைக்காதுங்க."

மேடம் அவன் காதைப் பார்த்தார். கலியனும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பீடியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாஸில் கையெழுத்துப் போட்டார்.