எதிர் டீம் அண்ணாச்சி

என் வீட்டுக்காரர் பார்க்காத விளையாட்டு கிடையாது. கிரிக்கெட்டும் கபடியும் ஊரே பார்க்கிறது, அதை விடுங்கள். இவர் வில்வித்தை பார்ப்பார், நடைப் போட்டி பார்ப்பார், இரண்டு பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற செஸ்ஸை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். பனிக்கட்டி மேல் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்களே, அது என்ன விளையாட்டோ, அதையும் ஒரு நாள் கடை டிவியில் போட்டுக்கொண்டு, "தேயிலே! அமுத்தித் தேயி!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாத மனிதர் அவர்.

பெயர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. கடை அவர் பெயரில் இருக்கிறது, வியாபாரத்தை நான் பார்க்கிறேன், டிவியை அவர் பார்க்கிறார். எனாமல் கேட்டு வருகிறவர்களை, "செத்த நேரம் உக்காருங்க, பெனால்டி அடிக்கப் போறான்" என்று உட்கார வைத்துவிடுவார். வந்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். மகன் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்று அவசரமாக வந்த ஒருவர் டென்னிஸ் முழுக்கப் பார்த்துவிட்டு, ஆட்டம் பிரமாதம் என்று சொல்லி, ஒரு பிரஷ்கூட வாங்காமல் போனார்.

இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற மனிதருக்கு ஒரு ராசி உண்டு. இவர் யார் பக்கம் சேர்கிறாரோ அவர்கள் தோற்றுப்போவார்கள். இதைக் கண்டுபிடித்தது பக்கத்து டீக்கடை கண்ணுச்சாமி. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பான். வருஷக்கணக்காக நடக்கவும், கடைத்தெருவே கூடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. முக்கியமான ஆட்டத்தில் இந்தியா ஜெயிக்க வேண்டுமென்றால் ஐயாதுரை அண்ணாச்சி எதிர் டீமுக்குக் கத்த வேண்டும்.

இதற்கு ஒரு முறையே வந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலேயே கண்ணுச்சாமி கடை வாசலில் வந்து நிற்பான். "அண்ணாச்சி, இன்னைக்கு மஞ்சச் சட்டை" என்பான். எந்த நாடு எதிரே ஆடினாலும் அந்த நாட்டுச் சட்டையின் நிறம் எங்கள் வீட்டில் இருக்கும். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டி-ஷர்ட் பீரோ நிறையக் கிடக்கிறது. இவர் மஞ்சளைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார். எல்லோரும் பெஞ்சில் இருப்பார்கள். இவருக்கு மட்டும் எதிரே தனியாக ஒரு நாற்காலி. பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. நம் ஆட்கள் அவுட்டானால், "அண்ணாச்சி, வாயி மட்டுந்தான் கத்துது, மனசு இங்கயே நிக்குது, நல்லாக் கத்துங்க" என்று திட்டு விழும். ஜெயித்துவிட்டால் முதல் மாலை இவர் கழுத்துக்குத்தான். வீட்டுக்கு வந்து, "நம்மால நாட்டுக்கு ஆனது இம்புட்டுத்தான்" என்பார். அவர் சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அந்த மாலையை நான்தான் ஆணியில் மாட்டி வைப்பேன்.

இதெல்லாம் எங்கள் மகள் ஷெரின் விஷயத்துக்கு வரும்வரைக்கும் வேடிக்கைதான்.

ராஜபாளையத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கூடைப்பந்து மைதானத்தில்தான் விழ வேண்டும். ஷெரினுக்கும் சின்ன வயதிலேயே பந்து பிடித்துப்போனது. அவள் பள்ளிக்கூடத்தில் ஆடிய முதல் போட்டிக்கு இவர் போனார். தொண்டை கிழியக் கத்தினார். படுதோல்வி. அதோடு சரி, அவள் ஆடுகிற பக்கமே இவர் போனதில்லை. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் சேர்ந்து, காலேஜ் டீமில் இடம் பிடித்து, இப்போது கடைசி வருஷமும் வந்துவிட்டது. ஆட்டம் நடக்கிற நேரமெல்லாம் இவர் கடையில் டிவியை அணைத்துவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நான் மைதானத்திலிருந்து போன் போட்டால் மணி அடிக்கும் முன்பே எடுப்பார். இது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஐஸ்ல கல்லு தள்ளுறவங்களுக்குக்கூட அப்பா உக்காந்து கத்துதாங்க. எனக்கு அந்த முதல் மேட்சுக்குப் பொறவு ஒரு நாள் வரலயேம்மா."

"அவிய ராசி அப்படின்னு பயப்படுதாவட்டி."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிடிச்சிருந்தா வந்திருப்பாங்க. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஃபைனல். பொறவு நான் வேலைக்குப் போயிருவேன், பந்தைத் தொடவே மாட்டேன். அப்பா ஒரே ஒரு தடவை வரட்டும். தோத்தாலும் பரவால்ல."

அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் கடையில் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி தங்கபாய், புரியாமப் பேசாத. கப்பு அது கைக்கு வரணும்னுதான நான் போகாம இருக்கேன்" என்றார்.

"வரலன்னா இந்த டிவியைக் கழத்திப் பழைய இரும்போட ஆக்கர்க்கடையில போட்டுருவேன்."

கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்து, "சரி, வாரேன்" என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற ஆள் கிடையாதே என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஷெரினிடம் சொன்னபோது அவள் அடுப்படியிலேயே என்னைக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

சனிக்கிழமை அவள் டீமோடு காலேஜ் பஸ்ஸில் போய்விட்டாள். நாங்கள் பைக்கில் போனோம். இவர் சிவப்பு டி-ஷர்ட் போட்டிருந்தார். மைதானத்துக்குள் நுழைந்ததும், "நீ போயி எடம் பிடி, நான் வண்டியை விட்டுட்டு வாரேன்" என்றார். எங்கள் பிள்ளைகள் நீலச் சட்டையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காலேஜ் பெண்கள். சிவப்புச் சட்டை. திரும்பி இவரைத் தேடினேன். எதிர்ப்பக்கம் பார்த்தால், சிவப்புக் கட்சிக்காரர்களின் அம்மா அப்பாக்களுக்கு நட்டநடுவில் இவர் உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதியதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டார். "செகப்பு! விடாத! போடும்மா போடு!" என்று அத்தனை பேர் சத்தத்துக்கும் மேலே இவர் குரல் தனியாகக் கேட்டது. அனுக்ரஹா என்று ஒரு சிவப்புப் பெண் நன்றாக ஆடினாள். அவள் பெயரை யாரிடமோ கேட்டு வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

ஷெரினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டில் நின்றாள். மைதானம் அமைதியானது. அந்த அமைதியில், "உள்ள போகாது, போகாது!" என்று ஒரு குரல். அவளுக்குத் தெரியாத குரலா? தலையைத் திருப்பிப் பார்த்தாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தாள். பிறகு எறிந்தாள். இரண்டும் வளையத்தில்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு அவள் கைக்கு வந்த பந்தெல்லாம் நழுவியது. கோச் அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

இடைவேளை விட்டதும் நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எனக்கிருந்த கோபத்தில் நாலு பேர் முன்னாலேயே அடித்திருப்பேன். அவரைப் பார்த்ததும் கை எழவில்லை. வேர்த்து, குரல் கம்மி, பத்து நாள் காய்ச்சல்காரர் மாதிரி இருந்தார்.

"ஏட்டி, இவங்க ஏறிக்கிட்டே போறாங்களே. நான் மனசாரக் கத்தலபோல. எல்லாப் பிள்ளைக பேரையும் கேட்டு வச்சிருக்கேன். இனிமே பாரு" என்றார்.

"உங்க புள்ள மூஞ்சியப் பாத்தீயளா?"

"அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. பாத்தா மனசு அங்க போயிருமில்ல."

இந்த மனிதரை என்ன செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள், அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் டிபன் பாக்ஸ் மூடியில் புளியோதரையை வைத்து நீட்டினார். ஆண்டாள் கோவில் பக்கத்துக்காரர். அனுக்ரஹாவின் அம்மா, பெயர் ஸாவித்ரி என்று பிறகு சொன்னார். "தொண்டை வறண்டு போயிருக்கும், ஒரு வாய் சாப்பிடுங்கோ. எவ்வளவு ஆசையாக் கத்தறேள்! இதுல உங்க பொண்ணு யாரு?"

இவர் புளியோதரையைக் கையில் வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிவப்புப் பெண்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக, அன்றைக்கு முதல் தடவையாக, எதிர்ப்பக்கம் திரும்பினார். பெஞ்சின் கடைசியில் ஷெரின் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தா இருக்கு. நீலச் சட்டை. துண்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான் எம் புள்ள."

ஸாவித்ரியம்மாள் அங்கே பார்த்தார், இவரைப் பார்த்தார். "அப்போ நீங்க இங்க என்ன பண்ணறேள்?" என்றார். அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அங்க போனாத் தோத்துருமே, தங்கபாய்." கண் நிறைந்து நின்றது. டீக்கடைக்காரன் கட்டிவிட்ட கதையை இந்த மனிதர் இவ்வளவு ஆழமாக நம்பிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இத்தனை வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைக்கிற மாதிரி அடக்கி வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பாசம் வந்தது.

"தோக்கட்டுங்க. தோத்தா ரெண்டு பேரும் பக்கத்துல இருப்போம்ல. வாங்க."

சிவப்புச் சட்டையோடு மைதானத்தைச் சுற்றி அவர் நடந்து வந்தபோது இன்ஜினியரிங் பையன்கள் விசிலடித்தார்கள். "அண்ணாச்சி கட்சி மாறிட்டாரு டோய்!" அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். கத்தச் சொன்னால் குரல் வரவில்லை. இரண்டு தடவை கனைத்துக்கொண்டு, "ஷெரின்" என்றார். அவள் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள், சிவப்புச் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் கோச்சிடம் ஏதோ கேட்டாள். அவர் அவளை உள்ளே விட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை என்னால் சொல்ல முடியாது, எனக்கு அவ்வளவு விவரம் பத்தாது. இங்கே பந்து இருக்கிறது என்று பார்த்தால் அங்கே கூடை விழுந்திருக்கும். எட்டாத தூரத்தில் பின்தங்கிக் கிடந்த நாங்கள் பக்கத்தில் வந்துவிட்டோம். இவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு புள்ளிதான் குறைவு. பந்து ஷெரின் கையில் வந்தது. எம்பிப் போட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

சிவப்புப் பெண்கள் அனுக்ரஹாவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நான் சொன்னேன்ல" என்றார், என்னிடம் இல்லை, தரையிடம். கண்ணுச்சாமி போனில் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

ஷெரின் வேர்வை சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தாள். அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்பாவிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேச அவளுக்கு இது முதல் தடவை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லைபோல.

"கடைசி ஷாட்டு பாத்தீங்களாப்பா? செத்த மெதுவாப் போட்டிருந்தா உள்ள போயிருக்கும்ல?"

உலகத்தில் எந்த மூலையில் யார் எந்தப் பந்தை எறிந்தாலும் குறை சொல்லக் காத்திருக்கிற மனிதர், விழித்தார்.

"தெரியலம்மா. நான் பந்தைப் பாக்கல."

"பொறவு எதைப் பாத்தீங்க?"

"உன் இடது கால் ஷூ லேசு அவுந்து கெடந்துச்சு. ஓடுற ஓட்டத்துல தடுக்கி விழுந்துருவியோன்னு அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். யாரு ஜெயிச்சான்னு உங்கம்மா மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த லேசை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். முதல் முடிச்சு சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடியும் போட்டார். கப்பு போனபோது அழாத பெண் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு அப்போது அழுதாள்.