சரி என்று சொல்லும்வரை

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை சீதேவி மூன்றாவது தடவையாக இறுக்கினாள். எவ்வளவு இறுக்கினாலும் அது நழுவி, வாய் திறந்துகொண்டது. உயிரோடு இருந்த கடைசி மூன்று வருடமும் மூடிக் கிடந்த வாய்.

“மெதுவாக் கட்டு புள்ள, நோகும்,” என்றாள் தலைமாட்டில் இருந்த அம்மா அன்னப்பூரணி. சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஊரடங்கு நாலு மணிக்கு. அதற்குள் சவத்தை அடக்கிவிட்டு ஆட்கள் ஆரையம்பதி இராணுவக் காவலரணைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும். பறை அடிப்பவர்கள் வேலிப் படலையடியில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீதேவி பார்த்துக்கொண்டிருந்தது ஒரேயொருவனை. அம்மாவின் தம்பி அழகரத்தினம், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மனதுக்குள் அவன்தான், வாயில் மட்டும் மாமா.

அப்பா வினாயகமூர்த்தி முன்பு வாவிக்கு அக்கரையில் இருந்த விமானத் திடலில் ரேடியோவில் பேசும் வேலை பார்த்தவர். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்த தோட்டத்துரைமாரும் முதலாளிமாரும் அங்கே வந்து இறங்குவார்கள். காற்று எந்தப் பக்கம், எந்தப் பக்கத்தால் இறங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். ஓட்டுபவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மாரி நாளில் கிழக்கால் இறங்கச் சொன்னதை, தன் விமானத்தை ஓட்டிவந்த ஒரு டொக்டர் மேற்கால் என்று திருப்பிச் சொன்னார். “பிழை. திருப்பிச் சொல்லுங்க,” என்றார் அப்பா. அந்த நேரம் மேற்கால் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கடைக்கு அனுப்பினாலும் இதே கூத்துத்தான். “தேயில கால் றாத்தல், மண்ணெண்ண ஒரு போத்தில். திருப்பிச் சொல்லு.” சொன்னால் “சரி” என்பார். அந்தச் சரி வராமல் இந்த வீட்டில் யாரும் படலையைத் தாண்டியதில்லை. இங்கே தின்று வளர்ந்த காலத்தில் அழகரத்தினமும் படலையடியில் நின்று, “அத்தானுக்கு விசர்” என்று சிரித்தபடி சரிக்குக் காத்திருந்தவன்தான்.

சண்டை தொடங்கித் திடல் படையின் கைக்குப் போனதும் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டொக்டர் வெளிநாடு போகும்போது தன்னிடமிருந்த சின்ன ரேடியோப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். விமானக்காரர் பேசுவது அதில் கேட்கும். நாம் பேச அதில் வழியே இல்லை. அழகரத்தினத்துக்கும் அது தெரியும். பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, “காது மட்டும்தான், வாயில்லாத சாமான்” என்று கேலி செய்தவனே அவன்தான்.

படையின் தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்தார்கள். மறுநாள் அவனை விட்டுவிட்டு அப்பாவை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விமானத்துக்கு என்ன சொன்னாய் என்று இரண்டு வருடம் கேட்டார்கள். சொல்லாத ஒன்றை அப்பா எப்படித் திருப்பிச் சொல்வார்? வீட்டுக்கு வந்தபோது அவர் தொண்டையில் வெறும் காற்றுத்தான் இருந்தது. கை மட்டும் பழைய வேலையை மறக்கவில்லை. கொப்பியில் திகதி, நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார்: ‘காலை 10.40. அழகரத்தினம், எனக்கு முன்னால்: இவர் ரேடியோவில பிளேனோட கதைக்கிறவர், நான் கண்ணால கண்டன்.’ அதன் கீழே எதுவுமில்லை.

அம்மாவும் அதை வாசித்தவள்தான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா? கொப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

“வாய்க்கரிசி போடுறவங்க வாங்க, நேரம் போகுது,” என்றார் வல்லிபுரம் பெரியப்பா. சீதேவி தாடைத் துணியை அவிழ்த்தாள். பறை முழங்க, ஒவ்வொருவராக வந்து அரிசி போட்டுப் போனார்கள். அழகரத்தினத்தின் முறை வந்தது. சுளகில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தான்.

சீதேவி அப்பாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

“சொல்லிப்போட்டுப் போடுங்க மாமா.”

“என்னத்த புள்ள?”

“முகாமில சொன்னத. அப்பாக்கு முன்னால திருப்பிச் சொல்லுங்க.”

பறை நின்றது. அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “இண்டைக்கு வேணாம் மகள். அவன் என்ட தம்பி.”

“இது என்ட அப்பா.”

அழகரத்தினம் சுற்றிவரப் பார்த்தான். “என்னப் போட்டு அடிச்சவங்க புள்ள...”

“அத நான் கேக்கல்ல.”

“அத்தான்ட வீட்டில ரேடியோ இரிக்கு எண்டு சொன்னன்.”

“பிழை. திருப்பிச் சொல்லுங்க.”

அவனுடைய நெற்றி வியர்த்துவிட்டது. சீதேவிக்கு அது இனித்தது. ஐந்து வருடமாக அவன் சிரித்துச் சிரித்து ஊருக்குள் திரிந்ததைப் பார்த்தவள் அவள்.

“ரேடியோவில... பிளேனோட கதைக்கிறவர் எண்டு சொன்னன்.”

“இன்னும் கிடக்கு.”

“கண்ணால கண்டன் எண்டும் சொன்னன்,” என்றவன் குரல் உடைந்தது. “பொய்தான் புள்ள. அந்தப் பெட்டியில கதைக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும்.”

ஒரு சொல்லும் பிசகவில்லை. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அடுத்து என்ன வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். கூடியிருந்தவர்களுக்கும் தெரியும். அம்மா, “சரி எண்டு சொல்லு மகள்” என்று முணுமுணுத்தாள்.

சீதேவி தாடைத் துணியை எடுத்துத் திரும்பவும் கட்டினாள். இந்தத் தடவை அது நழுவவில்லை.

“நேரமாச்சு பெரியப்பா, மூடுங்க.”

சவப்பெட்டியை மூடி ஆணி அறைந்தார்கள். பறை திரும்பவும் தொடங்கியது. ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனார்கள். மச்சினன் தோள் கொடுக்கவில்லையே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கைக்குள் அரிசியோடு அழகரத்தினம் பெண்களுக்கு நடுவே தனியாக நின்றான்.

பறைச் சத்தம் தேய்ந்ததும் பெண்கள் வீடு கழுவ எழும்பினார்கள். சீதேவி கிணற்றில் வாளி வாளியாக அள்ளி முற்றத்தில் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்தாள். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிவரக் கழுவினாள்.