வெயிலுக்கு ஒரு ஸ்கிரீன்

பரிசலில் ஒரு காலை வைத்த அம்மாள், சென்னப்பனின் முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.

"வேற பரிசல்ல போலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அந்த வாரத்தில் அது மூன்றாவது குடும்பம்.

சென்னப்பன் ஒகேனக்கல்லில் பதினாறு வருஷமாகத் துடுப்புப் போடுகிறவன். வெயில் அவனுக்குப் புதிதில்லை. ஆனால் எண்பத்தாறாம் வருஷம் மாசிக் கடைசியில், என்ன கோபமோ, வெயில் அவன் முகத்தோடு சண்டைக்கு வந்துவிட்டது. கன்னங்களும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்தன. பிறகு தோல் வெடித்து நீர் கசிந்தது.

துறையில் பரிசல்களுக்கு முறை வைத்துக் கூப்பிடுகிறவர் கிருஷ்ணப்பன். அவர் சென்னப்பனைத் தனியாக அழைத்தார்.

"பெருநோய்னு பயப்படறாங்கடா சனங்க."

"இல்லீங்கண்ணா. வெயில் கொப்புளம்."

"எனக்குத் தெரியுது. பெங்களூர்லேருந்து வர்றவனுக்கு நான் ஒவ்வொருத்தனுக்கா சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சித்திரை முடியட்டும். அதுக்குள்ள முகம் சரியாச்சுன்னா ஆத்துல இரு. இல்லைன்னா கரையேறு. மீன் கடையில ஆள் கேக்கறாங்க."

மீன் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். சென்னப்பனுக்கு மீன் நாற்றம் பெரிதில்லை. ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் இறங்காமல் நிற்க வேண்டுமே என்றுதான் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனான். தோல் டாக்டர் ஒரு பொம்பளை. முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெருநோய் இல்ல. யாருக்கும் தொத்தாது. உங்க தோலுக்கு வெயில் ஒத்துக்கல. மாத்திரை எழுதறேன், புண்ணுக்கு மருந்து எழுதறேன். முகத்துக்கு சோப்பு போடாதீங்க. காய விடாதீங்க, ஏதாவது கிரீம் தடவுங்க. முக்கியமா, வெளிய போறப்ப சன் ஸ்கிரீன் போட்டுக்கங்க."

சென்னப்பன் தலையாட்டினான். சீட்டில் மாத்திரையும் மருந்தும் இருந்தன. கடைசியில் சொன்னது சீட்டில் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்காத சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சன் என்றால் சூரியன் என்று அவனுக்குத் தெரியும். ஸ்கிரீன் என்றால் என்னவென்று யாருக்குத்தான் தெரியாது? வாசலுக்குப் போடுவார்கள், ஜன்னலுக்குப் போடுவார்கள்.

திரும்பும் வழியில் பென்னாகரத்தில் இறங்கினான். அங்கே ஹயாத் பாஷாவின் கடை. ஒரு பக்கம் வளையல், பொட்டு, பவுடர். இன்னொரு பக்கம் ஸ்கிரீன் துணி, தலையணை உறை.

"பாய், வெயிலுக்குப் போடற ஸ்கிரீன் குடுங்க."

"வூட்டுக்கா?"

"பரிசலுக்கு."

ஹயாத் பாஷா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பரிசலுக்கா? யார் சொன்னது?"

"டாக்டரம்மா."

டாக்டர் சொன்னதை மறுத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. ஊதா நிறத்தில் கெட்டித் துணி ஒன்றை உதறிப் பிரித்து, விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். "ஒரு பொட்டு வெளிச்சம் பூராது. நம்பி எடு."

பரிசலில் இரண்டு மூங்கிலை நட்டு, ஊதாத் துணியைக் கட்டிக்கொண்டு சென்னப்பன் ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் காற்று அடித்தது. பரிசல் பம்பரம் போலச் சுற்றியது. உள்ளே சேலத்துக்காரர்கள் ஐந்து பேர். ஒருவர் முருகனைக் கூப்பிட்டார். ஒருவர் சென்னப்பனின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சென்னப்பன் ஒரு கையால் துணியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, பரிசலைக் கரை சேர்த்தான்.

கரையில் குள்ளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது குள்ளனின் வேலை. "ஏன்டா, டூரிங் டாக்கீஸா நடத்தற?"

சிரிப்பு அடங்கிய பிறகு சென்னப்பன் யோசித்தான். துணி நிலைத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. வெயில் மேலே இருந்து மட்டும் வரவில்லை. தண்ணீரில் பட்டுக் கீழே இருந்தும் வருகிறது. தலையில் துண்டு போட்டும் மூக்கின் அடிப்பக்கம் வெந்திருப்பதற்கு அதுதான் காரணம். இத்தனை வருஷம் ஆற்றிலேயே கிடந்தும் இது இப்போதுதான் புத்தியில் பட்டது. டாக்டர் சொன்னது வேறு ஏதோ.

நாலாம் நாள் ஹயாத் பாஷா ஆள் விட்டார். சென்னப்பன் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. ஹயாத் பாஷா குரலைத் தாழ்த்தினார்.

"சரக்கு எடுக்கத் தருமபுரி போனேன். மெடிக்கல்ல கேட்டேன். சென்னப்பா, அது துணி இல்ல. முகத்துல பூசறது."

"ஸ்கிரீனா?"

"கிரீம். பேரு அப்படி. பதினொரு வருஷமா பேன்சி ஸ்டோர் வெச்சிருக்கேன், எனக்கே தெரியல. தருமபுரியிலும் இருப்பு இல்லியாம். சேலத்துக்குச் சொல்லி வரவழைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னான்."

"சித்திரைக்குள்ள வருமா?"

"அதான் சொல்ல முடியாதுன்னான்." பாய் மேஜை மேல் ஒரு சின்ன டப்பாவை வைத்தார். "அதுவரைக்கும் இதைப் பாருன்னான். துத்தநாகக் களிம்பு. கைக்குழந்தைக்குத் தொடை இடுக்குல போடுவாங்களே, அது. வெயிலையும் மறிக்குமாம்."

"எப்படி மறிக்கும்?"

"அதை நான் கேக்கலப்பா."

சென்னப்பன் டப்பாவைத் திறந்து முகர்ந்தான். வாசனை இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்தான். சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளையாக நின்றது. தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். சொட்டு உடையாமல் உருண்டு போனது.

"பாய், முகம் காயக் கூடாதுன்னும் சொன்னாங்க. அதுக்கு எது?"

ஹயாத் பாஷா ஸ்னோ பாட்டில் ஒன்றையும் கோல்டு கிரீம் ஒன்றையும் எடுத்து வைத்தார். "ரெண்டும் பொம்பளைங்க வாங்கறது. எது ஆம்பளை முகத்துக்கு ஆவும்னு என்னைக் கேட்டா நான் எங்க போவேன்? ரெண்டையும் எடுத்துட்டுப் போ. பாத்துட்டு எனக்கும் சொல்லு."

வீட்டில் தீர்த்தம்மாள் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஸ்னோவைத் திறந்து முகர்ந்தாள்.

"கலியாணம் ஆயி ஒம்போது வருஷம். எனக்கு ஒரு ஸ்னோ வாங்கியாந்தது இல்ல. உங்களுக்கு மூணு டப்பா."

"பூசிக்கயேன் நீயும்."

"மொதல்ல மாப்பிள்ளை அலங்காரம் முடியட்டும்" என்றாள்.

எடுத்த எடுப்பில் முகத்தில் பூச சென்னப்பனுக்கு மனம் வரவில்லை. பரிசலுக்குத் தார் பூசுகிறவன் முதலில் ஓரத்தில் கொஞ்சம் தடவிப் பார்ப்பான். தார் இளகுகிறதா, வெடிக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் அடி முழுக்கப் பூசுவான். இதையும் அப்படியே பார்க்க நினைத்தான். ஆனால் அவன் கையும் முழங்காலும் ஏற்கெனவே கருகிப்போனவை. அவற்றில் வெயில் புதிதாக என்ன எழுதிவிடும்?

தொடை நினைவுக்கு வந்தது. லுங்கிக்குள்ளேயே இருக்கும் இடம். நிறம் இரண்டு பங்கு வெளுப்பு.

மறுநாள் காலை முழங்காலுக்கு மேலே கரித்துண்டால் நான்கு கட்டம் போட்டான். ஒன்றில் ஸ்னோ, ஒன்றில் கோல்டு கிரீம், ஒன்றில் வெள்ளைக் களிம்பு. குள்ளன் கேள்விப்பட்டு ஓடிவந்து, தன் குப்பியிலிருந்து நல்லெண்ணெயை நாலாவது கட்டத்தில் ஊற்றினான்.

"எண்ணெய்க்கு மிஞ்சின மருந்து உலகத்துல இல்ல. எழுதி வெச்சுக்க."

"தொடையிலயே எழுதியிருக்கு. பாப்போம்."

முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, தொடையை வெயிலுக்குக் காட்டியபடி எட்டு நாள் துடுப்புப் போட்டான். தினமும் காலையில் கட்டத்துக்குக் கட்டம் மாறாமல் பூசினான். ஏறியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் கேட்டார்.

"என்னப்பா இது, நாலு சதுரம்? வேண்டுதலையா?"

"பரீட்சைங்க" என்றான்.

ஒன்பதாம் நாள் வீட்டுக் கொல்லையில் தீர்த்தம்மாள் சீயக்காய் போட்டுத் தொடையைத் தேய்த்துக் கழுவினாள். தொடை முழுக்கக் கருத்திருந்தது. ஸ்னோ கட்டம் சுற்றியுள்ள தோலைப் போலவே கருப்பு. போதாததற்குப் பொருக்குத் தட்டி வறண்டிருந்தது. கோல்டு கிரீம் கட்டமும் கருப்புதான். ஆனால் தோல் மெத்தென்று இருந்தது. நல்லெண்ணெய்க் கட்டம் பளபளவென்று கருத்திருந்தது. வெள்ளைக் களிம்பு இருந்த இடத்தில் மட்டும், பலகையில் அழித்தது போல, பழைய நிறத்தில் ஒரு சதுரம்.

"அட" என்றாள் தீர்த்தம்மாள். விரலால் அந்தச் சதுரத்தின் ஓரத்தைத் தடவினாள். "கோடு போட்ட மாதிரி நின்னிருக்கு வெயில்."

சென்னப்பன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு மயிரிழை களிம்பைத் தாண்ட முடியாமல் எட்டு நாள் வெளியே நின்றிருக்கிறது.

அப்போது இன்னொன்றும் விளங்கியது. டாக்டர் இரண்டு வேலை சொல்லியிருக்கிறாள். ஒன்று தோலுக்கு, ஒன்று வெயிலுக்கு. இரண்டுக்கும் ஒரே பரீட்சை வைத்து, ஒரு டப்பாதான் ஜெயிக்கும் என்று அவன்தான் நினைத்திருந்தான்.

ஸ்னோவைத் தீர்த்தம்மாளிடம் கொடுத்துவிட்டான்.

டாக்டர் கொடுத்த மருந்தில் புண்கள் அதற்குள் ஆறியிருந்தன. ராத்திரி படுக்கும் முன் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகும் முன்பே கோல்டு கிரீமை மெல்லிசாகத் தடவினான். காலையில் வெள்ளைக் களிம்பு. முதல் நாள் அப்பிக்கொண்டு துறைக்குப் போனான். கிருஷ்ணப்பன் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார்.

"கூத்து எந்த ஊர்ல?" என்றான் குள்ளன். "கட்டியங்காரன் தனியா வந்துட்டான் போல."

இரண்டு குழந்தைகள் அழுதன. ஒரு குடும்பம் அவன் முறையைத் தாண்டி அடுத்த பரிசலுக்குப் போனது. முன்பு புண்ணைப் பார்த்துப் பயந்தார்கள். இப்போது மருந்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

சென்னப்பன் ஆற்றில் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்தான். பூசினால் ஆள் ஏறாது. பூசாவிட்டால் முகம் போகும். இரண்டுக்கும் முடிவு மீன் கடைதான். பக்கத்தில் ஒருவன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான். ஒரேயடியாக அப்பினால் தார் பாளம் பாளமாக வெடிக்கும் என்று இவனுக்குத் தெரியும். மெல்லிசாக ஒரு பூச்சு. காய விட்டு இன்னொரு பூச்சு.

டப்பாவை எடுத்தான். மிளகு அளவுக்குக் களிம்பை எடுத்து உள்ளங்கையில் இளக்கினான். கன்னத்தில் ஒற்றி ஒற்றி, வெள்ளை மங்கும் வரை பரப்பினான். ஒரு பீடி குடிக்கும் நேரம் விட்டு மறுபடியும் ஒரு தடவை. குள்ளனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

குள்ளன் கிட்டே வந்து பார்த்தான். "சாம்பல் பூசின சாமியாராட்டம் இருக்க. பரவால்ல. கட்டியங்காரன் போயிட்டான்."

அது போதும் என்று சென்னப்பனுக்குத் தோன்றியது. மூன்று நடைக்கு ஒரு தடவை, தெறித்த தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி பூசிக்கொண்டான். நடைக்கு நடை பூச்சு எங்கே கரைகிறது என்று கவனித்தான். மூக்கு நுனியில் சீக்கிரம் போனது. மேலுதட்டில் வியர்வை தின்றது. வெயில் உச்சியில் இருக்கும்போது நெற்றியையும், சாய்ந்த பிறகு கன்னத்தையும் பார்த்துக்கொண்டான். ஆற்றைப் படிப்பது போலவே இருந்தது. எங்கே சுழிக்கும், எங்கே அமரும் என்று தெரிந்தால் போதும்.

சித்திரைக் கடைசி நாள். கிருஷ்ணப்பன் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிவப்பு இல்லை. வெடிப்பு இல்லை. புண் இருந்த இடங்களில் கருப்புத் திட்டு மட்டும் இருந்தது. அதன் மேல் சாம்பல் பூத்தது போல் களிம்பு.

"எனக்குத் திருப்தி" என்றார். "சனங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். உன் முறை. போ."

மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். புருஷனும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். அந்த அம்மாள் பரிசல் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். சென்னப்பனின் முகத்தைப் பார்த்தாள். கருப்புத் திட்டு, அதன் மேல் வெள்ளை.

"முகத்துல ஏனு?" என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஆவாதுங்கம்மா. தொத்தறது இல்ல. மறைப்புக்குப் பூசியிருக்கேன்."

அவள் நகரவில்லை. கிட்டே குனிந்து பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில் வெளி ஆள் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் இருக்கும். கன்னத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"கிவிக்கு ஏன் பூசல? தோல் உரியுதே" என்றாள். சொல்லிக்கொண்டே ஏறி, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சென்னப்பன் காதைத் தொட்டுப் பார்த்தான். எரிந்தது. நுனியிலிருந்து தோல் செதில் செதிலாக விரலில் வந்தது. இத்தனை நாள் மூக்கையும் கன்னத்தையும் காவல் காத்தவனுக்குக் காது என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

"கவனிக்கலீங்க" என்றான்.

"பூசிட்டு எடுங்க. நாங்க இருக்கோம்" என்றாள் அந்த அம்மாள்.

துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, சென்னப்பன் டப்பாவைத் திறந்தான்.