வரம்புக்கு மேல் மூன்று குதிரை

பந்தயத் திடலில், வண்டியின் திறனை அளக்கும் டைனோ கருவியை ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அன்று பந்தயத்தில் முதலாவதாக வந்த வண்டியோ அவருடைய சொந்தத் தங்கையின் வண்டி. வேறு ஆள் கிடைக்காத இடத்தில் உறவு பார்த்தால் வேலைக்கு ஆகுமா என்று நடத்துபவர்கள் விட்டுவிட்டார்கள். முள்மேல் நின்றது அண்ணன்காரர்தான்.

விதி எளிது. சக்கரத்தில் நூற்று இருபது குதிரைத்திறனுக்கு மேல் இருந்தால் வண்டி போட்டியிலிருந்து வெளியே. விற்பனைத் தாளில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்த எண் இங்கே செல்லாது. அது எஞ்சினை மட்டும் தனியே நிறுத்தி அளந்தது. கியரும் அச்சும் தங்கள் பங்கைக் கிள்ளிக்கொண்டது போக, சாலைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதற்காக வண்டியின் சக்கரங்களைப் பெரிய இரும்பு உருளைகள்மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதிப்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், உருளை பறக்கும். சக்கரம் அதை எவ்வளவு விசையோடு, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் கணினி எண்ணைச் சொல்லும்.

முதலில் ஏறியது டீசலின் வண்டி. டீசல் எஞ்சின்போலப் பேச்சு சூடேற நேரம் பிடிக்கும் மனிதர், அதனால் அந்தப் பட்டப்பெயர். நான்கு வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், இன்று இரண்டாவது. நூற்றுப் பத்தொன்பது காட்டியது. அடுத்து தங்கையின் வண்டி. நான்கு வருடமும் அவர் பின்னாலேயே வந்து, இன்றுதான் முந்தியவள். கொட்டகையே அதிர உருளை சுற்றி ஓய்ந்தது. நூற்று இருபத்து மூன்று.

போட்டியாளர் யாராவது கேட்டால் இன்னொரு முறை ஓட்டலாம், விதியிலேயே இடமிருக்கிறது. கேள் என்று அண்ணன் தங்கைக்கு ஒரு கண்ஜாடை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தங்கைக்காகத் திரும்ப ஓட்டினான் என்று பேச்சு கிளம்பினால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எந்த எண்ணை யார் நம்புவார்கள்? தங்கையும் கேட்கவில்லை. போன வாரம் வேறோர் இடத்தில் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டுதான் இருந்தது, அதன்பின் எஞ்சினை அவள் தொடவே இல்லை. ஆனால் கேட்பதென்றால் இத்தனை பேர் முன்னால் அண்ணன் தப்பாக அளந்தான் என்று சொன்னதாகிவிடும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். எஞ்சினை நோண்டாமலா ஜெயித்திருப்பாள் என்று யாரோ அவள் காதுபடவே சொன்னார்.

அப்போது டீசல் முன்னால் வந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"உங்க தங்கச்சிங்கறதால நீங்க வாயத் திறக்க மாட்டீங்க. நீங்க அண்ணங்கறதால அவளும் கேக்க மாட்டா. நான் கேக்கறேன். இன்னொரு தடவ ஓட்டுங்க."

அவள் வெளியே போனால் கோப்பை உங்களுக்குத்தானே என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது தெரியாமலா கேக்கறேன்? ரெண்டும் ஒரே மாடல், ஒரே எடை. நேர் ரோட்டுல ஒரு தடவகூட அவ என்னை நெருங்கல. நாலு குதிர கூட இருக்கற வண்டி அப்படியா ஓடும்? அவ என்னைப் பிடிச்சது வளைவுல."

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

வெயிலில் காற்று லேசாகிவிடும், எஞ்சினும் கொஞ்சம் சோர்ந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டக் கணினி தானாகவே எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போடும். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு, காற்றின் சூட்டைப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று ஒயரில் தொங்கும். டீசலின் வண்டி இறங்கும்போது ஒயர் இழுபட்டு, அந்தக் கருவி தங்கை வண்டியின் புகைக்குழாய் அருகில் போய்க் கிடந்தது. கொட்டகை முழுவதும் கொதிக்கிறது என்று நம்பிக் கணினி தாராளமாக வாரி வழங்கியிருந்தது.

எல்லோரும் பார்க்கும்படி அதை எடுத்து உரிய இடத்தில் மாட்டிவிட்டு, மறுபடி ஓட்டினார். நூற்றுப் பதினெட்டு.

தங்கை அழுதுவிட்டாள். அண்ணனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று இத்தனை நேரம் அவர் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பயம். கோப்பை கைநழுவிப் போகும் என்று தெரிந்தே வாயைத் திறந்தாரே அந்த மனிதர், அவரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

கோப்பையோடு திரும்பி வந்தவளிடம் டீசல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கடைசி வளைவுல பிரேக்க எங்கம்மா விட்ட?"

பந்தயக்காரர்கள் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. அடுத்த வருடமும் எதிரே நிற்கப்போகிறவர் அவர்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பானெட்டில் படிந்த தூசியில் விரலால் வளைவை வரைந்து, அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாள்.